கண்ணுக்கு எட்டலாம், காதுக்கு எட்டக் கூடாது

வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

போன மாதம் ஜாமீனைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜாமீனைப் பற்றியே இல்லை. ஜெயிலில் இருக்கும் பிள்ளையோ புருஷனோ தம்பியோ வக்கீலிடம் எதையெல்லாம் பேசலாம், அதை வேறு யாராவது கேட்கிறார்களா, கேட்டால் என்ன ஆகும் என்றே கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயரையும், வழக்கை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நானே நீக்கிவிட்டேன்.

என் மகனுக்கு 22 வயது. அடிதடி வழக்கில் ரிமாண்டில் இருக்கிறான். வக்கீல் இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டு முறையும் ஒரு வார்டர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "உங்க பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான், நான் எப்படி கேஸ் நடத்துறது?" என்று வக்கீல் என்னிடம் கோபப்படுகிறார். நான் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது, "அங்க சொல்ல முடியலம்மா" என்று மட்டும் சொன்னான். வார்டர் பக்கத்தில் நிற்பது சட்டமா?
ஒரு தாய், மேலூர்

அம்மா, உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரி எனக்கு 1999-ஐ ஞாபகப்படுத்திவிட்டது. நான் வக்கீலாகி மூன்றாவது வருஷம். தென் மாவட்டத்தில் ஒரு கிளைச் சிறை. திருட்டு வழக்கில் ஒரு பையன், பத்தொன்பது வயது இருக்கும். வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் தோளை ஒட்டி ஒரு வார்டர். "போலீஸ் அடிச்சாங்களாப்பா?" என்று கேட்டேன். ஒரு நொடி வார்டரைப் பார்த்தான். அப்புறம், "இல்லக்கா, ஒண்ணும் இல்ல" என்றான். நானும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ரிமாண்ட் நீட்டிப்புக்குக் கோர்ட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வராந்தாவில் வழிக்காவல் போலீஸ்காரர் டீ குடிக்கத் திரும்பிய நேரத்தில் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். கோடு கோடாக ஆறிப்போன தழும்பு. அன்றைக்கே சொல்லியிருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு, டாக்டரிடம் அனுப்பி, காயம் எத்தனை நாள் பழையது என்று எழுதி வாங்கியிருக்கலாம். பதினைந்து நாளில் காயமும் ஆறிவிட்டது, ஆதாரமும் போய்விட்டது. அவன் சொல்லாதது அவன் குற்றமில்லை. பக்கத்தில் ஒரு ஆளை நிற்கவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டது என் குற்றம். அன்றிலிருந்து, பக்கத்தில் ஆள் இருந்தால் வழக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதலில் அவரைத் தள்ளி நிற்கச் சொல்வேன். உங்கள் வக்கீலும் பையனிடம் கோபப்படுவதை விட்டுவிட்டு அதைத்தான் செய்ய வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். சிறைக் காவலர் பார்த்துக்கொண்டிருப்பது சட்டப்படி சரி. பேசுவது காதில் விழும் தூரத்தில் நிற்பது தவறு. இது யாரோ காட்டும் சலுகை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1894 சிறைச் சட்டத்தின் 40-வது பிரிவிலேயே இருக்கிறது: விசாரணைக் கைதி தன் வக்கீலைச் சந்திக்கும்போது, நீதியின் நலனுக்கு ஒத்த அளவில், வேறு யாரும் உடன் இல்லாமல் சந்திக்க ஏற்பாடு செய்யப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசியல் சாசனத்தின் 22(1), தனக்கு வேண்டிய வக்கீலோடு கலந்து ஆலோசிக்கும் உரிமையைத் தருகிறது. மூன்றாம் ஆள் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படிக் கலந்து ஆலோசிப்பது? 1981-ல் உச்ச நீதிமன்றம், அதிகாரி தேவைப்பட்டால் பார்க்கலாம், ஆனால் கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் பின்னால் ஒரு தம்பியின் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்வதும் இதுதான். 2015-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 61-வது விதி சொல்வதும் இதுதான். கண்ணுக்கு எட்டலாம், காதுக்கு எட்டக் கூடாது.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், சட்டம் பூட்டுப் போட்டிருப்பது வக்கீலின் வாய்க்கு மட்டும்தான். பக்கத்தில் நிற்பவரின் காதுக்கு அந்தப் பூட்டு கிடையாது. கைதி சொன்னதை வக்கீல் வெளியில் சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் தடுக்கிறது. அதை ஒட்டுக்கேட்ட மூன்றாம் ஆளை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. அதோடு, ஒரு சாட்சியம் முறைகேடாகக் கிடைத்தது என்பதற்காகவே அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது நம் நீதிமன்றங்கள் வெகுகாலமாக எடுத்துவரும் நிலை. 1972-ல் தீர்ப்பான ஆர்.எம். மல்கானி வழக்கு அதற்குப் பேர்போனது. ஆக, காதில் விழுந்த பிறகு அது ரகசியம், இது ரகசியம் என்று வாதாடிக்கொண்டிருப்பது கஷ்டம். விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வார்டர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வார் என்று நான் பயப்படவில்லை. அது அபூர்வம். எனக்குப் பயம் வேறு. "சம்பவத்தன்னிக்கு நான் மாமா வீட்டு வளைகாப்புல இருந்தேன்" என்று உங்கள் பையன் வக்கீலிடம் சொல்கிறான் என்று வையுங்கள். அது ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டால், மறுநாளே மாமா வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்கலாம். விசாரணையில் நாம் வைக்க வேண்டிய சாட்சி, விசாரணை தொடங்கும் முன்பே கலங்கிப்போய்விடும்.

சரி, என்ன செய்வது? அடுத்த முறை வக்கீல் போகும்போது, பேச்சை ஆரம்பிக்கும் முன்பே ஜெயிலரிடம் போய், "கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள், பேசுவது கேட்காத தூரத்தில் ஆள் நிற்கட்டும்" என்று கேட்கட்டும். பல இடங்களில் இதுவே போதும். வார்டர்களில் பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தோடு நிற்பதில்லை. கைக்குக் கை மாறி ஏதாவது உள்ளே போய்விட்டால் தங்கள் வேலை போகும் என்ற பயத்தில் நிற்கிறார்கள். "சோதனை போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் தள்ளி நில்லுங்கள்" என்று சொன்னால் நகர்ந்துவிடுவார்கள். நகரவில்லையா? அன்றைக்கே சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். தேதி, நேரம், எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடம் அந்த நகலை வைத்து மனு போடலாம். இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அதற்கும் மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது. உங்களுக்கு மதுரைக் கிளை பக்கம்தான்.

மகனைப் பார்க்கப் போகும்போது நீங்கள் கேஸ் விஷயம் பேசாதீர்கள், அம்மா. "சாப்பிட்டியா, தூங்குறியா, உடம்பு எப்படி இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நடக்கும் பேச்சுக்குச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நெஞ்சு கேட்காதுதான். ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நான்தான் செய்தேன்" என்று வக்கீலிடம் ஒப்புக்கொண்டால், அவர் அதைப் போலீஸிடமோ ஜட்ஜிடமோ சொல்லிவிடுவாரா? என் அண்ணன் இந்தப் பயத்தில் சொந்த வக்கீலிடமே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
ஒரு வாசகர், பெரம்பலூர்

சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது. 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 132-வது பிரிவாக இருக்கிறது. கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய, தொழில் முறையில் அவர் சொன்னதையோ, காட்டிய ஆவணத்தில் இருந்ததையோ, தான் கொடுத்த ஆலோசனையையோ வக்கீல் வெளியிடக் கூடாது. வழக்கு முடிந்த பிறகும் கூடாது. நடுவில் வக்கீலை மாற்றிவிட்டாலும் பழைய வக்கீலுக்கு அந்தக் கட்டு அவிழாது. அவருடைய குமாஸ்தாவுக்கும் ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உங்கள் அண்ணன் கேட்கும் அதே கேள்விக்கு அந்தப் பழைய சட்டத்திலேயே ஓர் உதாரணம் போட்டிருந்தார்கள். ஒருவர் வக்கீலிடம் வந்து, "நான் கள்ள ஆவணம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். குற்றம் செய்தவர் என்று தெரிந்தே அவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது, ஆகவே இந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில் இன்னொருவர் வந்து, "இந்தக் கள்ளப் பத்திரத்தை வைத்து ஒரு சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்கிறார். இதற்குப் பாதுகாப்பு இல்லை. நடந்து முடிந்ததைச் சொன்னால் வக்கீல் வாயில் பூட்டு. இனிமேல் செய்யப் போகும் குற்றத்துக்கு வக்கீலைக் கருவியாக்கினால் பூட்டு இல்லை. வழக்கை எடுத்த பிறகு ஏதாவது குற்றமோ மோசடியோ நடப்பதை வக்கீல் தன் வேலையினூடே கவனித்தால், அதற்கும் இல்லை. "அந்தச் சாட்சியைக் கொஞ்சம் மிரட்டச் சொல்லுங்க" என்று உள்ளே இருந்து ஒருவர் சொன்னால், அது ரகசியப் பேச்சு என்ற கணக்கில் வராது. எனக்கே அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு வக்காலத்தையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: டாக்டரிடம் வலிக்கும் இடத்தை மாற்றிச் சொன்னால் அவர் எங்கே மருந்து போடுவார்? பொய்யை நம்பி வக்கீல் குறுக்கு விசாரணையைத் தயார் செய்துகொண்டு போவார். அரசுத் தரப்பு ஒரு சிசிடிவி பதிவைப் போட்டதும் அத்தனையும் கவிழ்ந்துவிடும். உண்மை தெரிந்த வக்கீலால்தான் அது கொலையா, கொலையாகாத மரணமா, திடீர்க் கோபமா, தற்காப்பா என்று பிரித்துப் பார்த்து வழக்கை நடத்த முடியும்.

என் தம்பியைக் குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். "குண்டாஸ்ல வக்கீலுக்கு இடமே இல்ல, பார்க்கவும் விட மாட்டாங்க" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். அது தடுப்புக்காவல், அதாவது இனிமேல் குற்றம் செய்யாமல் தடுக்க என்று சொல்லி முன்கூட்டியே உள்ளே வைப்பது. அரசியல் சாசனம் 22(1)-ல் கொடுத்த வக்கீல் உரிமையை, 22(3)-ல் தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால், அந்தக் காவலுக்குப் போதுமான காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. வக்கீல் அல்லாத ஒரு நண்பரின் உதவியைக் கேட்கலாம் என்று 1981 டிசம்பரில் முடிந்த ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரில் சொல்வது இந்த அளவுக்குச் சரி. ஆனால் சிறையில் வக்கீலைப் பார்த்து ஆலோசனை கேட்க முடியாது என்பது முழுத் தவறு.

மேலூர் அம்மாவுக்குச் சொன்ன வழக்கு இதுதான். பிரான்சிஸ் கொராலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண். ஹஷிஷ் கடத்த முயன்றதாக 1979-ல் பிடிபட்டு, அந்நியச் செலாவணி மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் டெல்லி திகார் சிறையில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். ஐந்து வயதில் ஒரு மகள். குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவருடைய சகோதரி. மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான் அவர்களைப் பார்க்கலாம் என்று விதி. வக்கீலைப் பார்ப்பது இன்னும் கஷ்டம். முதலில் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் தேதி வாங்க வேண்டும். அந்தத் தேதியில் சுங்கத்துறை அதிகாரி ஒருவர் வந்து உட்கார வேண்டும். அவர் எதிரில்தான் பேச வேண்டும். யார் அவரைப் பிடித்துப் போட்டார்களோ, அந்தத் தரப்பு ஆளே பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்தக் காவலை எப்படி உடைப்பது என்று வக்கீலோடு பேசுவதாம். அவர் வர முடியாத நாளில் சந்திப்பே தள்ளிப் போகும்.

1981 ஜனவரி 13 அன்று நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அந்த விதியை அடித்துவிட்டது. உயிர் வாழும் உரிமை என்றால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது மட்டுமில்லை, மனித மாண்போடு வாழ்வது என்று அந்தத் தீர்ப்பில் வரும் பகுதியைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறார்கள். அதற்குக் கீழே கடைசிப் பக்கங்களில் இருக்கும் நடைமுறை உத்தரவைத்தான் நான் அடிக்கடி புரட்டுவேன். தடுப்புக்காவல் கைதி, சிறைக் கண்காணிப்பாளரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, நியாயமான எந்த நேரத்திலும் வக்கீலைச் சந்திக்கலாம். அதிகாரிக்காகச் சந்திப்பைத் தள்ளிப்போடக் கூடாது. யாராவது பார்க்க வேண்டுமென்றால் பார்க்கட்டும், பேச்சு கேட்கும் தூரத்தில் கூடாது. குடும்பத்தினரைப் பார்க்க வாரம் இரண்டு முறையாவது அனுமதிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

தம்பியின் வக்கீலை உடனே அனுப்புங்கள். தடுப்புக்காவலில் முக்கியமான வேலையே உத்தரவுக்கு எதிராக முறையீடு எழுதுவதும், ஆட்கொணர்வு மனு போடுவதும்தான். ஆவணங்களை அவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்தார்களா, தெளிவாகப் படிக்க முடிகிறதா, முறையீட்டுக்கு அரசு எத்தனை நாளில் பதில் சொன்னது என்பதெல்லாம் அவர் வாயால் வக்கீலுக்குத் தெரிய வேண்டும். குண்டர் சட்ட உத்தரவுகள் ரத்தாவது இப்படிப்பட்ட விஷயங்களில்தான் அதிகம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இன்டர்காமில்தான் பேச வேண்டியிருக்கிறது. ஜெயிலில் இருந்து என் கணவர் போனிலும் பேசுவார். இதெல்லாம் பதிவாகிறதா?
ஒரு வாசகி, திருப்பூர்

பதிவாகிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள், சகோதரி. சிறையிலிருந்து குடும்பத்துக்குப் பேசும் போன், யாரிடம் பேசலாம் என்று முன்கூட்டியே எண் பதிந்து, நிர்வாகத்தின் ஏற்பாட்டில் நடப்பது. அதில் ரகசியத்தை எதிர்பார்க்க முடியாது. கணவன் மனைவிக்குள் பேசியதைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு உண்டு. அது கூண்டில் ஏறும் உங்களைக் காப்பாற்றும். நடுவில் கேட்டவரை அது தடுக்காது. பிள்ளைகளின் படிப்பு, வாடகை, அவர் மாத்திரை, இதையெல்லாம் தாராளமாகப் பேசுங்கள். "அன்னிக்கு வண்டிய யார் ஓட்டுனது" என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

வக்கீல் சந்திப்பு வேறு. அதற்கும் இன்டர்காமைக் கொடுத்தால், நேரில் பேச வேண்டும் என்று வக்கீல் எழுதிக் கேட்க வேண்டும். அந்த ஒயர் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாதபோது அதை நம்பிப் பேசக் கூடாது. ஒரு பக்கம் பேப்பரைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்பதற்கே கண்ணாடி இடைஞ்சலாக இருக்கிறது.

காணொலியில் ரிமாண்ட் நீட்டிப்பது வந்த பிறகு இன்னொன்றும் போய்விட்டது. முன்பெல்லாம் வாய்தாவுக்குக் கூட்டி வருவார்கள். கோர்ட் வராந்தாவில் வழிக்காவல் ஏட்டிடம் சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் காதோடு காதாகப் பேசுவோம். என் அனுபவத்தில் பாதி வழக்கின் உண்மை அந்த இரண்டு நிமிஷத்தில்தான் வந்தது. இப்போது கட்சிக்காரர் திரையில் இருக்கிறார், சுற்றிலும் சிறைக் காவலர்கள். நான் கோர்ட்டில் இருக்கிறேன், சுற்றிலும் எல்லோரும். "ஏதாவது சொல்லணுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டால் அவர் என்ன சொல்வார்? பயணச் செலவும் பாதுகாப்புச் சிரமமும் மிச்சம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் திரையில் ஆஜரானபின், வக்கீலும் கைதியும் மட்டும் பேசுவதற்கு ஒரு தனி இணைப்பை ஐந்து நிமிஷம் கொடுத்தால் என்ன? நான் வழக்கு நடத்தும் கோர்ட்டுகளில் இதை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எங்களுக்குக் காசில்லை. இலவச வக்கீல் கொடுத்திருக்கிறார்கள். கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குகிறவர் கவர்ன்மென்ட்டிடம் சொல்லாமல் இருப்பாரா?
ஒரு தந்தை, அரியலூர்

இருப்பார், ஐயா. இருந்தே ஆக வேண்டும். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. அதன் மூலம் வரும் வக்கீலுக்கும் காசு கொடுத்து வைக்கும் வக்கீலுக்கும் ரகசியம் காப்பதில் துளிக்கூட வித்தியாசம் இல்லை. ஆணைக்குழுவுக்கு அவர் அனுப்பும் அறிக்கையில் எத்தனை தடவை போனார், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது இருக்கும். உங்கள் மகன் என்ன சொன்னான் என்பது இருக்கக் கூடாது. 1979 டிசம்பரில் வந்த இரண்டாம் சுனில் பத்ரா வழக்கில், நீதிமன்றமும் அதிகாரிகளும் நியமிக்கும் வக்கீல்களுக்குச் சிறைக்குள் கைதிகளோடு ரகசியமாகப் பேச எல்லா வசதியும் செய்து தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உள்ளே இருந்து ஒரு கைதி எழுதி அனுப்பிய கடிதத்தில் பிறந்த வழக்கு அது.

ஒரு எச்சரிக்கை. சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் மனு எழுதிக் கொடுக்கத் தன்னார்வலர்கள் இருப்பார்கள். சில இடங்களில் படித்த கைதிகளையே பழக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் செய்வது நல்ல வேலை, ஆனால் அவர்கள் வக்கீல் இல்லை. ஜாமீன் மனு வேண்டும் என்று அவர்களிடம் சொல்லலாம். சம்பவத்தை வக்கீலிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்துப் பாயில் படுப்பவரிடமும் வேண்டாம். வக்கீல் யார் என்றே தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண்.

வக்கீல்களையே அமலாக்கத் துறை சம்மன் போட்டுக் கூப்பிட்டது என்று படித்தேன். அப்படியானால் இந்தப் பாதுகாப்புக்கு என்ன அர்த்தம்?
ஒரு சட்டக் கல்லூரி மாணவி, செங்கல்பட்டு

2025 ஜூனில் நடந்தது அது. ஒரு நிறுவனத்துக்குச் சட்டக் கருத்துரை கொடுத்ததற்காக நம் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கே சம்மன் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிரதாப் வேணுகோபாலுக்கு அனுப்பியதும் அப்படியே. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்புச் சொன்னது. கட்சிக்காரரின் வழக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வக்கீலுக்குச் சம்மன் அனுப்பக் கூடாது. 132-வது பிரிவின் விதிவிலக்கில் வந்தால் மட்டும் அனுப்பலாம், அப்போதும் எந்த விதிவிலக்கு என்று சம்மனிலேயே எழுத வேண்டும், எஸ்.பி. தகுதிக்குக் குறையாத மேலதிகாரி காரணத்தை எழுதி முன் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். வக்கீலின் போன், கணினி போன்றவை தேவைப்பட்டால் கோர்ட்டில்தான் ஒப்படைக்க வேண்டும். சம்பளத்துக்கு ஒரு கம்பெனியிலேயே வேலை பார்க்கும் சட்ட ஆலோசகர்களுக்கு 132-வது பிரிவின் பாதுகாப்பு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தேர்வுக்கு உதவும், குறித்துக்கொள்ளம்மா. சம்மன் போனது பெரிய வக்கீல்களுக்கு என்றாலும், இந்தப் பாதுகாப்பு கட்சிக்காரருக்கு உரியது. அதில் கடைசி ஆளாக நிற்பவர் ரிமாண்டில் இருக்கும் கூலித் தொழிலாளிதான்.

எங்கள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒடிசாப் பையன் ஒருவன் ஜெயிலில் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. வக்கீலுக்கு ஒடியா தெரியாது. உள்ளே இந்தி தெரிந்த ஒரு வார்டர்தான் மொழிபெயர்த்துச் சொல்கிறாராம். இது சரியா?
ஒரு சூப்பர்வைசர், அவிநாசி

சரியில்லை. வார்டர் நல்ல மனசோடுதான் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் காது கேட்காத தூரத்தில் நிற்க வேண்டியவர், இப்போது வாயும் காதுமாக நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பையன் போலீஸ் அடித்ததையோ, உள்ளே யாரோ பணம் கேட்பதையோ அவர் வழியாகச் சொல்வானா?

மொழிபெயர்ப்பாளரையும் 132-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதனால் வக்கீல் தன் சார்பில் ஒருவரைக் கூட்டிப் போவதுதான் முறை. உங்கள் கம்பெனியில் ஒடியாவும் தமிழும் தெரிந்த ஆட்கள் இருப்பார்களே? வழக்கில் சாட்சியாக வரப்போகிறவரோ, சம்பவத்தன்று உடன் இருந்தவரோ வேண்டாம். பொறுப்பான ஒருவரைப் பாருங்கள், பெண்ணாக இருந்தாலும் சரி. வக்கீல் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, இவர் என் மொழிபெயர்ப்பாளர் என்று பெயரோடு அனுமதி கேட்கட்டும். ஆதார் நகல் வைத்துவிடுங்கள். மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஆள் கிடைக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

அதுவரைக்கும் பையனை ஒடியாவிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். விசாரணைக் கைதி தன் வக்கீலுக்குக் கொடுக்கும் குறிப்பை முன்கூட்டியே படித்துப் பார்க்காமல் நேரில் ஒப்படைக்க விட வேண்டும் என்று பல மாநிலச் சிறை விதிகளில் இருக்கிறது. தபாலில் போட வேண்டாம், கையில் கொடுக்கட்டும். மேலே "வக்கீலுக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போடட்டும். எழுதத் தெரியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாதென்றால் அந்த மொழிபெயர்ப்பாளரை இந்த வாரமே தேட வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் ஆள் அமையாவிட்டால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள், கோயம்புத்தூரில் இருக்கும் என் ஜூனியரிடம் சொல்லி விசாரிக்கிறேன்.